தெரியாது

அம்பகாமத்துக் காட்டில் எனக்கு
ஒரு மீட்டர் அகலம் தந்திருக்கிறார்கள்.
அதற்குள் முழங்காலில் நகர்கிறேன்.
ஐம்பது நிமிடம் தேடல், பத்து நிமிடம் ஓய்வு.
முகக் கண்ணாடியில் என் மூச்சே
வெள்ளையாய்ப் படிந்து, பிறகு மறையும்.

கருவி கத்தினால் எல்லாம் மிதிவெடிதான்,
தோண்டிப் பார்க்கும்வரை.
பார்த்தால் பெரும்பாலும் மீன்டின் மூடி,
தறப்பாள் வளையம், சன்னக் கோது.
ஒருமுறை சைக்கிள் மணி.
துரு உதிர்ந்தபின் ஒரேயொரு தரம் ஒலித்தது.
ஊகிப்பவர்களுக்கு இங்கே வேலையில்லை.
ஒருவர் ஊகித்தார்.
கிளிநொச்சியில் இப்போது
ஒற்றைக்காலோடு ரீலோட் விற்கிறார்.

பக்கத்துப் பாதையில் விமலசிறி, மதவாச்சிக்காரன்.
பதினொரு வருடம் காவி உடுத்து
ஒரு மாரிகாலத்தில் கழற்றி வைத்தவன்.
ஏன் என்று கேட்டோம். "பசி" என்றான்.
வேறொரு நாள் தானாகவே,
"அங்க பதில் கூடிப்போச்சு" என்றான்.

ஓய்வுக் கொட்டிலில் சீண்டினேன்:
"உங்கட புத்தர் எங்கட சந்தியில
சென்றிக்குள்ள இருக்கிறார், கண்டனியோ?"
தண்ணீர்ப் போத்தலை மூடிவிட்டுச் சொன்னான்:
"கண்டன். அவரைக் கேட்டா வச்சாங்க?"
சிரித்தேன்.
சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

பயம் வந்தால் என்ன செய்வாய் என்றதற்கு,
"பயம் எண்டு பேர் சொல்லுவன்.
முழங்கால்ல கொஞ்சம், வயித்தில கொஞ்சம்.
கை நிப்பாட்டிப் பார்ப்பன். போகும்.
போகாட்டி சுப்பவைசரைக் கூப்பிடுவன்."

வைகாசி வெயில், பதினொரு மணிக்குச் சற்று முன்
என் கருவி கத்தியது.
ஊசியைச் சாய்த்துப் பிடித்து,
பிறகு விரலால், பிறகு தூரிகையால்
மண்ணை விலக்க விலக்க
ஒரு கல் வந்தது.
தட்டை. நடுவே அருகருகாய் இரண்டு குழிவு.

"பாதம்" என்றார் ஒருவர் குரலை இறக்கி.
"இரட்டை உரல்" என்றார் இன்னொருவர் உரத்து.
சாருமதி அக்கா, "ஐயோ, மூடு பிள்ளை" என்றாள்.
கல் தெரிந்தால் கயிறு வரும்,
கயிற்றின்பின் பலகை வரும்,
பலகையின்பின் எங்கள் காணியை
எங்களுடையது என்று சொல்ல
நாங்களே சாட்சி தேடித் திரியவேண்டும்.

எனக்கு அது உரலாக வேண்டும்.
வேண்டிய வேகத்தில்
குழிவுக்குள் உளுந்துமாவே தெரிந்தது.

விமலசிறி அனுமதி கேட்டு வந்து குந்தினான்.
அவனுக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.
நெற்றியில் அது ஏறி இறங்கியதைக் கண்டேன்.
"என்ன இது?"
"தெரியாது."
"பதினொரு வருசம் படிச்சனி!"
"அதாலதான் நான் சொல்லக்கூடாது.
கீழ இன்னும் சத்தம் கேக்குது, பாருங்க."

கேட்டது. இன்னும் நாற்பது நிமிடம்.
ஓர் ஆணி, கட்டைவிரல் நீளம்.
எந்தக் காலத்தது?
இம்முறை நான் சொன்னேன், தெரியாது.

தம்பியின் படிவத்திலும் இரண்டே கட்டம்:
உயிருடன், இறந்தார்.
பேனாவால் மூன்றாவது கட்டம் கீறினேன்.
"அப்படியொன்று இல்லையே" என்றார் உத்தியோகத்தர்.
ஒன்பது வருடமாய்
அதற்குள்தான் சமைக்கிறேன், நித்திரை கொள்கிறேன்
என்று அவருக்குச் சொல்லவில்லை.

மாலைப் பதிவுத்தாள்.
ஆணி ஒன்று.
கல் ஒன்று, குழிவு இரண்டு.
"உரல்" என்று எழுதக் கை போனது.
போகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேனா தாளுக்கு மேலே
கொஞ்ச நேரம் சும்மா நின்றது.
பிறகு நீளமும் அகலமும் எழுதினேன்.

கல்லைச் சுற்றி நாலு தடி நட்டுத் திரும்பும்போது
காட்டிலிருந்து ஒரு மயில் வந்து
அதன்மேல் ஏறி நின்று
எச்சமிட்டுவிட்டுப் போனது.
"இதையும் எழுதவோ?" என்றேன்.
"கண்டதுதானே" என்றான்.