லொட்டாய்

போன ஜூலையில் ரெட்டேரிக் கரையில்
கயிறு சிக்கிக்கொண்டது.
துணி காயப்போடும் பருத்திக் கயிறு,
பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு,
ஐந்தாம் முடிச்சில் சிவப்பு நூல்.
நுனியில், கறுப்பும் வெள்ளையுமாய் நாலு பங்கு பூசிய
எவர்சில்வர் தட்டு, எடைக்கு மூன்று நட்டு.
தட்டு கண்ணுக்கு மறையும் ஆழம்தான்
தண்ணீரின் தெளிவு.
எழுதி வைக்க நீல அட்டைப் பதிவேடு,
ஒன்பதாம் வகுப்பு, இ பிரிவு.

ஈர முடிச்சைப் பிரித்துப் பிரித்து
ஜெஸிமாவின் நகக்கண்ணில் ரத்தம்.
"காத்தாடி விடுறவன்கூட
நம்மளவிட நல்லா சுத்தி வச்சிருப்பான்."

புளியந்தோப்பில் அவள் அண்ணன் கட்டிலுக்கடியில்
போலீஸ் கண்ணில் படாத லொட்டாய் ஒன்று இருந்தது.
மாஞ்சாவை அறுத்துப் பழைய செய்தித்தாளில்
நாலு மடிப்பாகச் சுருட்டினோம்.
கைப்பிடிக்கு உடைந்த குடைக்காம்பு,
இரு பக்கமும் பெயிண்ட் வாளி மூடி,
தானாக உருளாமல் இருக்க
ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி, வளைத்து.
திருப்பினால் டக், டக் என்றது.
அந்தச் சத்தத்துக்காகவே
மத்தியானம் முழுக்கத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

சத்தத்தை எண்ணினால் போதும் என்றான் லோகபிரியன்,
சுற்றுக்கு இருபது சென்டிமீட்டர், பெருக்கிக்கொள்.
எண்ணினோம். ஸ்கேல் ஒத்துக்கொள்ளவில்லை.
கயிற்றின் மேல் கயிறு ஏற ஏற
லொட்டாய் தடித்துக்கொண்டே போகிறது,
வெளிச்சுற்று உள்சுற்றைவிட நீளம்.
பாடத்தில் இது இல்லை,
அல்லது இருந்தது, நாங்கள் அதை
இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருந்தோம்.

ஜெஸிமாவின் அம்மா ரவிக்கை தைக்கிறார்.
அவருடைய அளவு நாடாவை, மஞ்சள் நிறம்,
நூற்றைம்பது வரை எண் போட்டது,
கேட்காமல் எடுத்தோம்.
பக்கெட்டில் ஊறவைத்து, பூட்டு ஒன்றைக் கட்டி
ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டோம்.
காலையில் ஒரு நூல்கூட நீளவில்லை.
சும்மா ஒரு ஆசைக்கு
பழைய கயிற்றையும் நனைத்து அளந்தான் லோகபிரியன்.
சிவப்பு நூல் இருந்த இடம்: நாற்பத்து நாலு.
மறுபடி அளந்தான்.
யாரும் பேசவில்லை.

மூலக்கடை சிக்னலில் ஒரு கான்ஸ்டபிள் நிறுத்தினார்.
"என்னம்மா, மாஞ்சாவா?"
"தண்ணி அளக்குறது சார்."
"எத்தனை லிட்டர்?"
"லிட்டர் இல்ல சார். எவ்வளவு ஆழம் வரைக்கும் தெரியுதுன்னு."
கண்ணாடித்தூள் இருக்கிறதா என்று
நாடாவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்,
ஒரு தையல்காரர் போல, எதிர்ப்பக்கமிருந்து.
"எங்க வீட்டு போர்லயும் மஞ்சளாத்தான் வருது,
அதையும் ஒரு நாள் பாருங்க."

ஏரியில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று
டக், டக், இறக்கினோம்.
தட்டு மறைந்த எண், மேலே இழுக்கையில்
மறுபடி தெரிந்த எண்,
கூட்டி இரண்டால் வகுத்தால் நாற்பத்து நாலு.
சிக்கல் இல்லை, ரத்தம் இல்லை.
பதிவேட்டில் அதற்கு மேலே
ஐம்பது, ஐம்பது, நாற்பத்தொன்பது, ஐம்பத்தொன்று,
இரண்டு வருடம், எட்டுப் பேர் கையெழுத்து.

வரைபடம் பொத்தென்று விழுமே என்றார் அறிவியல் மிஸ்,
கண்காட்சிக்கு வருகிறவர்கள்
ஏரிக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்களே.
பழைய எண் எதையும் நான் அடிக்கவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
"ஏரி அப்படியேதான் இருக்கிறது.
எங்கள் கயிறு நனைந்தால் சுருங்கும்."
கட்டம் போதவில்லை,
'சுருங்கும்' அடுத்த மாதத்துக்குள் போய்விட்டது.

இன்னொன்றும் எழுதியிருக்க வேண்டும்.
நாடாவை இன்னும் திருப்பித் தரவில்லை.
ஜெஸிமாவின் அம்மா மூன்று நாளாகத் தேடிவிட்டு
ஒரு துண்டுக் கொடிக்கயிற்றால் அளவு எடுக்கிறாராம்,
இந்த மழையில்.