குலைந்த படை

கார்த்திகை. நாயாற்றில்
நேற்று முழங்கால், இன்று தொடை.
அளவுக்கென்று நட்ட கம்பியில்
சிவப்புக் கோட்டைத் தண்ணீர் மூடிவிட்டது.
மிச்சக் கம்பியில் ஒரு மீன்கொத்தி.

தொடுவாயை வெட்டச் சொல்கிறது கமக்காரர் சங்கம்.
வெட்டாவிட்டால் முந்நூறு ஏக்கர் அழுகும்.
வெட்டினால் களப்பு கடலுக்கு ஓடும்,
ஓடுகிற வேகத்தில் இந்தக் கரையையும் இழுத்துக்கொண்டு போகும்:
பறங்கி தொடங்கி ஒல்லாந்தன் முடித்த
நாலு சுவரில் மிஞ்சிய ஒன்றரை.

செயலாளர் கனகரெத்தினம் நேரில் வந்தார்.
சேற்றுக் காலோடு நின்று சுவரைப் பார்த்தார்.
"இதில வைச்சுத்தானே தம்பி
எங்கட ஆனையளைக் கப்பல் ஏத்தினவங்கள்?
அதுக்கு நான் என்ர நெல்லைக் குடுக்கவோ?"

பேராசிரியர் வதனாம்பிகையிடம் பதில் இல்லை.
மூன்று நாள் கேட்டார்.
இரண்டு கிடைத்தது.
சனி விடிய பெக்கோ வரும்.

குழிக்குள் சுகிர்தவதி.
ஏழு வருடம் கண்ணிவெடி எடுத்தவள்.
மேலிருந்து குத்தமாட்டாள்,
பக்கத்திலிருந்து சாய்த்து
மண்ணிடம் கெஞ்சுவதுபோலச் சுரண்டுவாள்.
பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு வாளி நிரப்ப
அவளுக்குக் கால் வாளி.
கெதியாய் என்றால் நிமிராமலே சொல்வாள்:
"அவசரப்பட்ட ஆக்களை எனக்குத் தெரியும்."

நான் பதிவேடு எழுதுகிறவன்.
உடைந்த களிமண் சுங்கான், பதினேழாம் நூற்றாண்டு?
நீலப்பூப் பீங்கான், பதினொரு துண்டு, பதினெட்டு?
செப்புக்காசு, முகம் தேய்ந்தது, காலம் தெரியாது.
இரும்பு வளையம் ஒன்று. என் தலை நுழையும்.
ஆனையின் கால் எவ்வளவு என்று
யாருக்கும் உடனே சொல்ல வரவில்லை.

வெள்ளி காலை, வடகிழக்கு மூலையில்
சுகிர்தவதியின் கை நின்றது.
ஒல்லாந்தனின் மஞ்சள் செங்கல்தான்,
ஆனால் அடுக்கினது ஒல்லாந்தன் இல்லை.
பனங்குற்றி. மாங்காய்க் கரைச் சீலையை வெட்டித் தைத்த
மண்மூட்டை. பால்மா ரின்.
சின்னச் செருப்பு ஒன்று, இடது கால்.

"பங்கர்" என்றாள்.

எங்கள் கையேட்டில் இதற்குப் பெயர் குலைந்த படை.
மேலே கிடக்கும் பிற்காலக் குழப்பம்.
மண்வெட்டியால் அள்ளிக் கொட்டலாம்,
கீழே கல் பதித்த தளம் இருக்கிறது,
இன்னும் ஒரு முழம், தொட்டுவிடலாம்.
பம்ப் இருமிக்கொண்டிருந்தது.

வதனாம்பிகை கொஞ்ச நேரம் தண்ணீரில் குந்தியிருந்தார்.
பிறகு, "வரையுங்கோ. படம் எடுங்கோ. இலக்கம் போடுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது, சொல்லத்தான் வேண்டும்.
முந்நூறு வருடம் தாழ்ந்துகொண்டிருக்க
இவர்கள் செருப்புக்கு அளவெடுக்கிறார்கள்.
நான் யாழ்ப்பாணத்தான்.
அந்த வருடம் ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்,
மேசை லாம்பு இருந்தது.

பின்னேரம் மூன்று மணிக்கு மூலை முடிந்தது.
தளத்தில் நாலு கல் மட்டும் கண்ணில் பட்டது.
அதற்குள் பம்ப் நின்றுவிட்டது.

சனி, இருட்டோடு
கனகரெத்தினம் ஆறு பேரோடு வந்தார்,
பெக்கோவுக்கு முதல்.
பெட்டிகளை வீதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.
வளையத்தைத் தானே தோளில் போட்டுக்கொண்டார்.
"பாரம்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தொடுவாய் திறந்தது.
முதலில் ஒரு சாண் ஓடை, பிறகு ஆறு.
சுவர் விழவில்லை,
வயிற்றில் நோவு வந்த ஆள்போல
மெல்ல இருந்தது, பிறகு காணவில்லை.
தூரத்தில் வயலின் வரம்புகள்
ஒவ்வொன்றாக முதுகு காட்டின.

லொறிக்குள் பதிவேட்டைச் சரிபார்த்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு, வளையம்.
இருநூற்றுப் பதின்மூன்று, செருப்பு, ரப்பர், இடது.
காலம் என்ற இடம் வெறுமையாய் இருந்தது.
சுகிர்தவதி எட்டிப் பார்த்தாள்.
"தை. பொங்கல் முடிஞ்சு மூண்டாம் நாள்.
பின்னேரம்.
எழுதுங்கோ."

எழுதினேன்.
அந்த ஒரு வரியில்தான் கேள்விக்குறி இல்லை.