முப்பத்தாறு பைட்

உள்ளங்கையில் அடங்கும் பெட்டி.
நிரலுக்கு நாற்பத்தெட்டு கிலோபைட்,
நினைவுக்குப் பத்து, பேட்டரி இரண்டு.
சாட்ஸ்வர்த்துக்குக் கீழே, உம்லாட்டுசானா ஆற்றங்கரையில்
இருபத்துமூன்று கம்பங்களில் கட்டினோம்,
நானும் நொம்புசோவும்.
வேலை ஒன்றுதான்: நீர் ஏறினால் சொல்.

முதல் பதிப்பு வாயாடி.
கடிதத்தைவிட உறை கனம்:
முகவரிக்கு நாற்பது பைட், சேதிக்கு இரண்டு.
மூன்றே வாரத்தில் அத்தனை பேட்டரியும் செத்தன.

அடுத்ததில் முகவரியைச் சுருக்கினோம்.
ஒரே தெருக்காரர்களுக்குள் தெருப்பெயர் எதற்கு?
மூன்றாவதில் தூங்கக் கற்றுக்கொடுத்தோம்,
நூறு நொடிக்கு ஒரு நொடி விழிப்பு.
அந்த மாதம் டர்பனில் மின்வெட்டு
நாலாம் கட்டத்திலிருந்து ஆறுக்கு ஏறியது.
மடிக்கணினியில் பதினெட்டு விழுக்காடு மிச்சம்,
திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு
சிக்கனம் பற்றி எழுதினேன்.

நான்காவது:
பக்கத்துப் பெட்டி சொல்லிவிட்டால் நீ சொல்லாதே.
எல்லாம் அப்படியே இருந்தால்
மௌனத்தை இரட்டிப்பாக்கு, பிறகு அதையும் இரட்டிப்பாக்கு.
மாறினால் மட்டும் கத்து.
எங்கள் காலாண்டுக் கூட்டங்களில்
இத்தனை நாகரிகத்தை நான் கண்டதில்லை.

பிறகு ஏப்ரல் மழை.
பதின்மூன்றாம் பெட்டி கம்பத்திலிருந்து பிய்ந்து மிதந்தது.
தண்ணீரோடு தானும் ஏறியதால்
அதற்குத் தண்ணீர் ஏறவில்லை.
"மாற்றமில்லை" என்று சொல்லிக்கொண்டே
கடலுக்குப் போனது.
அதைக் கேட்டுப் பதினான்கு
கண்ணைத் திறக்காமலே படுத்திருந்தது.

பாலத்தடியில் நின்ற பரமசிவன் ரெட்டியின் வேன் போயிற்று.
உள்ளே ஆளில்லை.
காலையில் முழங்கால் சேற்றில் நின்று கேட்டார்:
"பெட்டி தூங்கிருச்சாம்மா?"

ஐந்தாவது பதிப்புக்கு ஒரே ஒரு விதி:
ஊர் என்ன சொன்னாலும்
மணிக்கொரு முறை நீயே ஆற்றைப் பார்.
முப்பத்தாறு பைட் வேண்டும்.
இடமில்லை.
பிழைச் சொற்களை எப்போதோ எண்களாக்கிவிட்டோம்,
எடுக்க வேறெதுவும் இல்லை,
பெட்டி விழித்தெழும்போது காட்டும் அந்த வரியைத் தவிர.
முதல் நாள் விளையாட்டாய் நான் வைத்தது,
சனிக்கிழமை வகுப்பில் படித்த எழுத்தில்:
கோகிலாம்பாள்.

நொம்புசோ விரல்விட்டு எண்ணினாள்.
பன்னிரண்டு குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட்.
எண்ணி முடித்து என்னைப் பார்க்கவில்லை.
"கோகி என்று ஆங்கிலத்தில் போடேன்,
நாலுதான் ஆகும்."

நாலும் இல்லை.

அழிக்க ஒரு விசை போதுமாக இருந்தது.
பதினான்கு இப்போது எழுந்ததும்
முதலில் சொல்வது ஆற்றை.
இன்று மாலை, நாற்பத்தொரு சென்டிமீட்டர்.
சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டது.