வெள்ளோட்டம்

"அஞ்சு கிலோமீட்டர்தான் மேடம்" என்றான் டில்லிபாபு.
மூலக்கடை ஷோரூம் வாசலில்
பாலிதீன் உரிக்காத சீட்டோடு நின்றது வண்டி.
ரவுண்டானா வரை போய்த் திரும்பினால் போதுமாம்.
ஏசி எப்படி, பாட்டு எப்படிக் கேட்கிறது
என்று சொன்னால் போதுமாம்.

என் கைப்பையில் ஒரு நைலான் கயிறு இருந்தது.
எங்கள் சந்தின் அகலம் அது.
நேற்று ராத்திரி ஆள் அடங்கினதும்
மோசஸ் வீட்டுக் குழாயிலிருந்து
எதிர்வீட்டுப் படி வரை
இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டது.
வண்டியின் மார்பில் வைத்துப் பார்த்தேன்.
கண்ணாடிகளை மடக்கினால்
பக்கத்துக்கு நாலு விரல்.
சரியாக அளக்கிறேன் என்று
டேப் தேடி உள்ளே போனான்.
அவன் வந்து ஏறுவதற்குள் நான் ஸ்டார்ட் செய்திருந்தேன்.

ரவுண்டானா வலது பக்கம்.
நான் இடது பக்கம் ஒடித்தேன்.
"மேடம், ரூட்டு இது இல்ல."
"எனக்கு இதான் தம்பி."

கொடுங்கையூர். சந்துக்குள் என் ஷெட்.
மூச்சைப் பிடித்து நுழைந்தேன்,
மோசஸ் வீட்டுக் குழாய் தப்பித்தது.
வாசலில் நாற்பது கேனை அடுக்கிவிட்டுச்
சுகந்தி கைகட்டி நின்றாள்.
எண்ணூறு கிலோ.
"டெமோ வண்டில லோடு ஏத்தக்கூடாது மேடம்,
மேனேஜர் கொன்னுடுவாரு."
காலியா ஓட்டினா
எல்லா வண்டியும் நல்ல வண்டிதாம்பா.
பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு
எந்த மாப்பிள்ளை கத்தியிருக்கான்?
சரி என்று அவன் சொல்லவில்லை.
டையை மடித்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டான்.

லோடு ஏறியதும் வண்டி பேச ஆரம்பித்தது.
முதல் பள்ளத்தில் பின்பட்டை முனகியது.
ரேடியோவை அணைக்கச் சொன்னேன்.
எம்.கே.பி. நகரில் ஒரு குப்பை லாரி குறுக்கே வர
பிரேக்கை மிதித்தேன்;
நாற்பது கேனும் ஒன்றாக முன்னால் சாய்ந்தன,
வண்டி இடது பக்கம் ஒரு சாண் இழுத்தது.
அதை மனதில் எழுதிக்கொண்டேன்.

கணேசபுரம் சப்வேயில்
முந்தாநாள் மழை கணுக்கால் அளவு.
ஏற்றத்தின் நடுவில் நிறுத்தினேன்,
வேண்டுமென்றேதான்.
பின்னால் வந்த ஆட்டோக்காரர்
என் அம்மா வரைக்கும் போய் விசாரித்தார்.
ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கிளட்சை விட,
இரண்டு விரற்கடை பின்னால் உருண்டு
பிடித்துக்கொண்டு ஏறியது.
டில்லிபாபு முருகனைக் கூப்பிட்டது
என் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில்
லிஃப்ட் படுத்து ஒரு மாதம்.
பத்து கேன், மூன்றாவது மாடி.
நான் முதல் கேனைத் தொடுவதற்குள்
அவன் ஒன்றைச் சாய்த்து
முட்டிக்கு ஏற்றி
முட்டியிலிருந்து தோளுக்கு
ஒரே வீச்சில் கொண்டுபோனான்,
கழுத்தை அந்தப் பக்கம் ஒடித்து.
ஷோரூமில் இதைக் கற்றுத்தர மாட்டார்கள்.

"எங்க தூக்கின?"
"தண்டையார்பேட்டை. மூணு வருஷம். காலேஜ் பீசு."
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பத்தாவது கேனும் ஏறி முடிந்து
பின்பலகையில் உட்கார்ந்திருந்தபோது
அவனே பேசினான். மேடம் போய்விட்டிருந்தது.
"அக்கா, இத எடுக்காதீங்க.
பட்டை ஒண்ணு கம்மி பண்ணிட்டாங்க.
காய்கறின்னா ஓடும். தண்ணிக்கு
ஒரு வருஷத்துல உட்காந்துடும்.
பழைய மாடல் ரெண்டு குடோன்ல தூசு புடிச்சு நிக்குது,
வெலைய அடிச்சுப் பேசலாம்.
நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்தக் கயித்தக் குடுத்துட்டுப் போங்க.
அதுக்கும் வச்சுப் பாத்துச் சொல்றேன்."

மீதி முப்பதைப் போகிற வழியில் கடைகளுக்கு இறக்கி
மூலக்கடைக்கு வந்து சேர்ந்தோம்.
மீட்டரில் பதினேழு கூடியிருந்தது.
டில்லிபாபு நோட்டில் ஐந்து என்று எழுதினான்.
பையிலிருந்து டையை எடுத்துக் கழுத்தில் போட்டு
அதே பைக்குள் என் சந்தைச் சுருட்டி வைத்தான்.

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார்:
"வண்டி எப்படிங்க இருந்தது?"

ஏசி நல்லா இருக்கு சார், என்றேன்.