பதினேழாம் வளைவு

மஞ்சூரிலிருந்து இறங்கும் சாலையில்
பதினேழாம் வளைவு வரை மேல் டவர்;
பதினெட்டில் கீழ் டவர் வாங்கிக்கொள்ளும்.
நடுவே சில்வர் ஓக் மரங்கள்,
எவர் கையிலும் இல்லாத நாற்பது நொடி.

பூண்டு லாரி கிளீனர் பெள்ளன்
அங்கேதான் மேட்டுப்பாளையம் விலை கேட்பான்.
‘கிலோ நூத்தி—’
அப்புறம் வெறும் இரைச்சல்.

அவன் புகாரை மூன்று தடவை
‘சரிசெய்யப்பட்டது’ என்று மூடியவன் நான்,
கோவையில் உட்கார்ந்து.

இன்று ஏறினேன்.
விரல் விறைக்க ஆண்டெனாவை
இரண்டு டிகிரி தாழ்த்தினேன்.
மேல் டவருக்கும் ஒரு வரி எழுதினேன்:
அது பிடித்த பிறகு நீ விடு.

சோதிக்க அவனையே அழைத்தேன்.
பதினாறு. பதினேழு. மரங்கள்.
விலை சரிந்த கோபத்தில்
மண்டியை, மழையை, என் கம்பெனியை
அவன் திட்டிய திட்டு
ஓர் எழுத்தும் உடையாமல்
பதினெட்டைத் தாண்டி வந்தது.