பிசினாரி

மாதக் கடைசிச் சனிக்கிழமை
செம்பனைத் தோட்டத்து லாரி
துரோலாக் முச்சந்தியில் ஆளிறக்கிவிட்டுப் போகும்.
பூட்ஸ் நிறையச் சேறு. சட்டைப்பையில் சம்பளம்.
என் கடையில் நெத்திலி, வெங்காயம், டாப்-அப்,
கடைசியில், வீட்டுக்குப் பணம்.
அனுப்பும் கூலி பத்து வெள்ளி.
அதில் மூன்று எனக்கு.

ரொஃபிக்குல் எப்போதும் வரிசையின் கடைசி.
அவன் முறை வரும்போது
எதிர்த் தேநீர்க் கடையிலிருந்து
மண்டோர் சிங்காரவேலு குரல் விடுவார்:
"டேய் பிசினாரி, எங்களுக்கு எப்படா தே வாங்கித் தருவே?"
அவன் திரும்பிக் கையசைப்பான்,
பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

ஒருநாள் கேட்டேவிட்டான்.
என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்,
மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி.
"காக்கா, பிசினாரின்னா என்ன? நல்ல வார்த்தையா?"

கெடெகுட் என்று ஒரு சொல் போதும்.
நாக்கு நுனியில்தான் இருந்தது.
கொடுக்க மனம் வரவில்லை.
கடைக்குப் பின்னால் மிச்சமிருக்கும்
நாலு ரப்பர் மரத்தைக் காட்டினேன்.
மங்கின் ஓரத்தில் காய்ந்த ஒட்டுப்பால்,
விரலில் பட்டால் விரலை விடாதே,
அந்த மாதிரி ஆள் என்றேன்.
(பிசினுக்கும் அந்தச் சொல்லுக்கும்
உறவு உண்டா என்று யார் கண்டது.
எனக்கு அப்போது கைக்கு எட்டியது மரம்.)

"விடாமல் பிடிக்கிற ஆளா? நல்லதுதானே."

இல்லையப்பா, என்று வழக்கம்போல் இழுத்தேன்:
எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன்.
அதில் அவனுக்கு விளங்கியது ஒரே சொல்.
"உங்களை நான் ஏன் ஓட்டணும்?"

இரண்டு கையையும் விரித்துப் படபடத்து
கா கா என்று கத்திக் காட்ட வேண்டியதாயிற்று.
அரிசி வாங்க வந்த சீனத்தி திரும்பிப் பார்த்தாள்.
கையில் ஒட்டிய சோறு
காக்காவுக்குப் போய்விடுமே என்று பயம், என்றேன்.
அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான்.
"அது ஏன் ஓட்டணும்? சாப்பிடட்டுமே."

அடுத்த மாதம் அவனே கண்டுபிடித்து வந்தான்.
"கெடெகுட். அதுதானே?
எங்க ஊர்ல கிருபொன்."
எங்களிடமும் இருக்கிறது அது,
கிருபணன், அகராதிக்குள் தூசி படிந்து.
சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்,
ஆனால் அன்று கையசைக்கவில்லை.

தெருவைக் கடந்து போனான்.
பதினொரு கிளாஸ் தே.
கிளாஸ் ஒரு வெள்ளி எழுபது காசு.
மண்டோர் ஆடை எடுத்து எறிந்துவிட்டுக் குடித்தார்.
"பிசினாரி கையாலேயே குடிச்சிட்டேன்டா," என்றார்.
பேர் போகவில்லை.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் சில போகாது.

திரும்பி வந்து பணத்தை எண்ணி வைத்தான்.
மாதாமாதம் ஆயிரத்து இருநூறு.
இந்த மாதம்
ஆயிரத்து நூற்று எண்பத்தொன்று, முப்பது காசு.
நான்தான் தட்டச்சினேன் அந்த எண்ணை.
அவனுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று
இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரியும்.
எதிர்க்கடைக்குக் கேட்கும்படி
ஒரு தரம் உரக்கப் படித்திருக்கலாம்.
காசா பணமா, ஒரு வாக்கியம்.
வாடிக்கையாளர் விவரம் வெளியே சொல்லக்கூடாது என்று
கம்பெனி ஒட்டிவிட்டுப்போன தாளை
அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன்.

மீதி இருபது காசுக்குச் சில்லறை இல்லை என்று
இரண்டு மிட்டாய் கொடுத்தேன்.
கல்லாவில் சில்லறை இருந்தது.

லாரி வர இன்னும் நேரம் கிடந்தது.
ஐந்தடிப் பாதையில் குந்தி
பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டான்.
வாய்க்கால் ஓரத்துக்கு வந்தது ஒன்று,
தலையைச் சாய்த்து,
பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே.
எச்சில் கை முழங்கால்மேல் கிடந்தது.
அவன் ஓட்டவில்லை.