தடுப்புக் கம்பத்துக்கு மேலே

அக்டோபரில் மூடுவோம்,
மே முடிவில் திறப்போம்.
நடுவில் ஏழு மாதம் கணவாய்ச் சாலை
ஒரு ஊகம் மட்டுமே.

ஐந்து வாரமாக அந்த ஊகத்தைத் தோண்டுகிறேன்.
நான் ஓட்டுவது பனி அள்ளும் இயந்திரம்.
முன்னால் திருகுப் பற்கள்,
மேலே ஒரு குழாய், அள்ளிய பனியை
பள்ளத்தாக்குக்குள் வில்லாய் வளைத்து உமிழும்.
தார் எங்கே இருக்கிறதென்று ஜிபிஎஸ் சொல்லும்.
நான் நம்புவதோ
பல் கல்லில் உரசும்போது
முதுகுத்தண்டில் ஏறும் கூச்சத்தை.

இந்த ஆண்டு கிடைத்தவை:
ஒற்றைக் கையுறை, ஏதோ காரின் பக்கக் கண்ணாடி,
உறக்கத்திலேயே செத்துப்போன ஒரு மர்மோட்,
"முந்தாதே" என்றொரு பலகை.
பலகையை நிமிர்த்தி நட்டேன்.
யாரை முந்த?

வெள்ளி மாலை, மறுபக்கத்துக் குழுவின் வண்டியும்
என் வண்டியும் உச்சியில் மூக்கோடு மூக்கு நின்றன.
திங்கள் எட்டு மணிக்குக் கம்பம் உயரும்.
பிறகு மோட்டார் சைக்கிள்கள்,
கலைந்த குளவிக்கூடு.

சனி முழுக்கத் தூங்கினேன்.
ஞாயிறு, சைக்கிளில் இரண்டு பை, ஒரு கூடாரம்,
ஒரு வாரம் விடுப்பு, மறுபக்கம் இறங்கி ஏரிவரை.
பூட்டின் சாவி சட்டைப்பையில் கிடக்க
கம்பத்தின் கீழ் குனிந்து நுழைந்தேன்,
எல்லாரையும் போல.

காதில் அடைப்பான் இல்லாமல்
இந்த மலையை நான் கேட்டதே இல்லை.
எங்கும் தண்ணீர்.
சுவருக்குள், தாருக்குக் கீழே, என் கழுத்துக்குள்ளும்.
இருபுறமும் ஆறு மீட்டர் வெண்சுவர்,
அதில் என் இயந்திரத்தின் பல் தடங்கள்,
நடுவே பிப்ரவரியில் சஹாரா அனுப்பிய மணல்
மெல்லிய செங்கோடாக.
ஒரு நாள் முழுக்க நான் உறுமி நகர்ந்த தூரத்தை
பாட்டிலில் பாதி தீருமுன் கடந்தேன்.
கொஞ்சம் கோபம் வந்தது.

பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
எதிரே இருவர், தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
ஓட்டகரும் ட்ரஹோமிராவும், பர்னோக்காரர்கள்.
அந்தப் பக்கத்துக் கம்பத்தைத் தாண்டியவர்கள்.
சாலைத் துறை, என்றேன்.
வெளுத்துப்போனார்கள்.
பிறகு ட்ரஹோமிரா என் சைக்கிளைப் பார்த்தாள்,
கூடாரத்தைப் பார்த்தாள்,
உலர்ந்த பிளம் ஒரு கைப்பிடி நீட்டினாள்.

ஓட்டகர் தன் அரைகுறை ஜெர்மனில்
"எங்கள் பின்னால் மலை உட்கார்ந்தது" என்றான்,
கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டி.

பதினான்காம் வளைவில் அது கிடந்தது.
இருபது அடி அகலம், என் தோள் உயரம்,
ஈரப்பனி, சிமெண்டுக் கலவை போல் கனம்.
மேலே சரிவு கல் தெரியக் காலியாகிவிட்டது,
இனி விழ அங்கே எதுவும் இல்லை.

சொல்லாமல் போகலாம்.
நாளைக் காலை யாராவது பார்ப்பார்கள்.
பார்க்குமுன் முதல் பேருந்து
இந்த வளைவில் திரும்பவும் திரும்பலாம்.
சொன்னால் ஏரி இல்லை,
விடுப்பு இல்லை,
இதை அள்ளப்போவதும் நான்தான்.
பிளம் கொட்டையைத் துப்பிவிட்டு லுரெஞ்சை அழைத்தேன்.

"யார் பார்த்தது?"
நான்.
"நீ விடுப்பில் இருக்கிறாய்."
ஆமாம்.
"எதில் போனாய்?"
சுவரிலிருந்து ஒரு கட்டி உதிர்ந்து
சக்கரக் கம்பிகளில் பட்டு ஒலித்தது.
அவன் அதைக் கேட்டிருப்பான்.
அந்தப் பக்கம் கரண்டி கோப்பையைச் சுற்றியது.
"அப்போ திறப்பு புதன். செவ்வாய் ஐந்து மணிக்கு வந்துவிடு."
சரி.
"உச்சியில் தார் காய்ந்துவிட்டதா?"
தெரியாது, இன்னும் போகவில்லை.
"போய்ப் பார்த்துச் சொல்."

பைகளைக் கழற்றி, சைக்கிளைத் தோளில் போட்டு
மூன்று நடையாகச் சரிவைக் கடந்தேன்,
ஒவ்வொரு நடையிலும் இடுப்புவரை புதைந்து.

உச்சியில் நடுக்கோட்டின் மேல் உட்கார்ந்து
ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன்.
தார் காய்ந்திருந்தது.
வெதுவெதுப்பாகக்கூட இருந்தது.
அதை லுரெஞ்சிடம் சொல்ல
ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.